பின்விளக்கு இரண்டு, கியாரண்டி ஆறு மாதம்

பிப்ரவரி 3, திங்கள்

பின்விளக்கு இரண்டையும் உடைத்தவன் முதலாளியின் மகன் ராஜேந்திரன். பழி டிரைவர் அந்தோணி அண்ணன் தலையில்.

காலையில் கடும் பனி. களத்தில் கொட்டிய நெல் பத்து மணி வரை ஈரம். சட்டையெல்லாம் புழுங்கல் வாடை. எட்டு மணிக்கு கார் ஷெட்டில் சத்தம் கேட்டு ஓடினேன். முதலாளி வண்டியின் பின்னால் குனிந்து நின்றார். இடது விளக்கின் சிவப்புக் கண்ணாடியில் குறுக்கே ஒரு வெடிப்பு. வலதில் இரண்டு. வண்டி வாங்கி நான்கு மாதம் இன்னும் முழுசாகவில்லை.

"சுவத்துல இடிச்சியா?"

"இல்லீங்க மொதலாளி."

"பின்ன அதுவா வெடிச்சுதா?"

"அதாங்க எனக்கும் தெரியல."

அ. அண்ணன் இருபது வருஷம் பிரெஞ்சுத் துரைமார்களுக்கு வண்டி ஓட்டியவர். ஒரு கீறல் போட்டதில்லை. அவர்கள் கப்பலேறிய பிறகு இந்த மில்லில் சேர்ந்தார். இன்றும் காக்கிச் சட்டைக்குப் பெட்டி போட்டுத்தான் வருவார்.

மு. கொடுத்த தீர்ப்பு: "ஆறு மாசம் கியாரண்டி இருக்கு. சிவஞானம், நீ கம்பெனிக்கு எழுது. அவன் புது விளக்கு குடுத்தா சரக்குல கோளாறு. குடுக்கலேன்னா இவன் இடிச்சதுதான். அந்தோணி, அப்ப நீ வேற எடம் பாத்துக்க. அதுவரைக்கும் சாவியக் குடு."

ஒரு மனிதன் பொய் சொல்கிறானா இல்லையா என்று திருச்சியில் உள்ள ஏஜென்டு கம்பெனி தபாலில் சொல்லுமாம். ஊரில் கோர்ட்டு எதற்கு?

சாவியை வாங்கிக்கொண்டவன் ராஜேந்திரன். பத்தொன்பது வயது. சிரித்தான். அந்தச் சிரிப்பு போதும் எனக்கு.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலை முழுக்கக் கடிதம். மூன்று தடவை கிழித்தேன். சேர்த்த விவரங்கள்:

– வாங்கிய நாள், கியாரண்டி அட்டை நம்பர்
– என்ஜின் நம்பர் (அ. அண்ணன் மனப்பாடமாகச் சொன்னார்)
– பம்பரில் நெளிசல் இல்லை, பெயின்டு உரியவில்லை
– இரண்டு பக்கமும் வெடிப்பு. இடித்தால் ஒரு பக்கம்தானே உடையும்?

கடைசி வரியை அடிக்கோடிட்டேன். பிறகு ரப்பரால் அழித்தேன். கம்பெனிக்காரனுக்கு அடிக்கோடு பிடிக்காது.

இந்த ஊரில் முப்பது தாண்டியவர்கள் படித்தது பிரெஞ்சு. மு. கையெழுத்துகூட பிரெஞ்சுச் சுழிப்புதான். மூன்று வருஷமாக எல்லாக் காகிதமும் இங்கிலீஷில் வருகிறது, என் முகத்தைப் பார்க்கிறார். நாகப்பட்டினத்தில் மாமா வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டு படித்ததற்குப் பலன். அவர் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் திமிர்தான். இல்லையென்று எழுதினால் பொய்.

அ. அண்ணனைச் சாக்குத் தைக்கப் போட்டிருக்கிறார்கள். தொப்பியைக் கழற்றவில்லை. களத்தில் நெல் கிளறும் பெண்கள் விடுவார்களா?

"என்னாண்ணே, களத்துல காரு ஓட்ட வந்துட்டீங்களா?"

"பாத்துடி, ஆரன் அடிக்காம பின்னாடி வருவாரு!"

அவரும் சிரித்தார். ஊசி பெருவிரலில் ஏறியது. சட்டையில் துடைக்காமல் சாக்கில் துடைத்தார்.

தலைவலி. மெட்ராஸ் வேலைக்கு மனு போட வேண்டும். ஸ்டாம்பு இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

வெயில். பல்லிடுக்கில் தவிடு.

காசிம் பாய் டீக்கடை. ஞாயிற்றுக்கிழமை மாலை ராஜேந்திரன் மூன்று கூட்டாளிகளோடு காரைக் கடற்கரைப் பக்கம் ஓட்டிப்போனதைப் பாய் பார்த்திருக்கிறார். அன்று அ. அண்ணனுக்கு லீவு, சாவி மு. வீட்டு ஆணியில்.

"கருக்களாச்சேரி பக்கமா போச்சு தம்பி. என்னா, கிளார்க்கு வேலைய வுட்டுட்டு துப்பறியிறீங்களா?"

"மொதலாளி முன்னால வந்து சொல்லுவீங்களா பாய்?"

"அவுக மில்லுலேந்துதான் கடைக்கு அரிசி வருது. டீ ஆறுது, குடிங்க."

நியாயம் என்பது இந்த ஊரில் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

மாலை ராஜேந்திரனை நேராகவே கேட்டேன். ஷெட்டுக் கதவில் சாய்ந்து சீப்பால் தலை வாரிக்கொண்டிருந்தான்.

"நானா? எனக்கு லைசென்சே இல்லியேங்க. லைசென்சு இல்லாதவன் எப்படி வண்டி ஓட்டுவான்? நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க."

அறைந்திருக்கலாம். அறையவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். அவன் அப்பா கொடுக்கும் வேலை.

பிப்ரவரி 8, சனி

அரை நாள் லீவு. வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்தேன். சைக்கிளில் கருக்களாச்சேரி. எதிர்காற்று. செயின் இரண்டு தடவை கழன்றது.

வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மாரி என்பவர், அன்று மணலில் புதைந்த காரைத் தள்ளிவிட்ட நாலு பேரில் ஒருவராம். எனக்கு உடம்பே சூடாகிவிட்டது.

"பின்னாலிருந்து தள்ளுனீங்களா?"

"பின்ன மொகத்தப் புடிச்சா தள்ளுவாங்க?"

"அப்ப செவப்புக் கண்ணாடி வெடிச்சுதா?"

"அது முன்னாடியே வெடிச்சிருந்துச்சு தம்பி. நூலு நூலா. வெரலை அறுத்துடுமேன்னு கைய தள்ளி வெச்சேன்."

"தள்றதுக்கு முன்னாடியா? நல்லா ஞாபகம் இருக்கா?"

"முன்னாடிதான்."

"மணல்ல எறங்குனப்ப வெடிச்சிருக்கலாம், இல்ல?"

"மூணு தடவ கேட்டா மாறிடுமா? மணலு மெத்தையாட்டம் இருக்கு. இதுல என்னா வெடிக்கும்?"

இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ராஜேந்திரன் திருட்டுத்தனமாக ஓட்டினான், பொய் சொன்னான், உடைக்கவில்லை. அப்படியானால் உடைத்தது யார்? சரக்கே மட்டமா? அப்படித்தான் இருக்க வேண்டும். கம்பெனிக்காரன் லாபத்துக்கு மட்டக் கண்ணாடி போட்டிருப்பான்.

திரும்பி வந்து அ. அண்ணனிடம் பாதிதான் சொன்னேன். சின்ன முதலாளி வண்டியை மணலில் புதைத்தான் என்று மட்டும். அவர் முகம் வாடியது விளக்குக்காக இல்லை. "சக்கரத்துல உப்பு மணலு ஒட்டியிருக்குமே தம்பி. கழுவினாங்களா?"

பிப்ரவரி 11, செவ்வாய்

கம்பெனியிலிருந்து கார்டு. வியாழக்கிழமை அவர்கள் ஆள் வந்து பார்ப்பான். விளக்கைக் கழற்றக் கூடாது. வண்டி ஓட்டுபவர் கூட இருக்க வேண்டும்.

அ. அண்ணனிடம் கார்டைப் படித்துச் சொன்னேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார். "என்னைய இருக்கணும்னு போட்டிருக்கா? என் பேரா?"

"பேரு இல்லண்ணே. டிரைவர்னு."

"அதுதான் என் பேரு."

கேட்டதற்கு மட்டும் பதில், மேலே ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

காலில் செருப்புக் கடி.

பிப்ரவரி 13, வியாழன்

வரிசையாக எழுதிவிட வேண்டும்.

பேரளம் ரயிலில் வந்தார் கம்பெனி ஆள். என் வயதுதான் இருக்கும். மூக்குக்கண்ணாடி போட்டவர், தோல் பை. மு. வீட்டுக் காபி, வடை. பிறகு ஷெட். மு., நான், அ. அண்ணன். அ. அண்ணன் பெட்டி போட்ட காக்கியில் நின்றார்.

கம்பெனி ஆள் திருகாணியைக் கழற்றி, சிவப்புக் கண்ணாடியை வெயிலில் பிடித்தார். இடித்தாயா என்று கேட்கவே இல்லை. சுவரைப் பார்க்கவில்லை. நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த எந்தக் கேள்வியும் வரவில்லை.

"இதை எதால துடைக்கிறீங்க?"

பத்து நாளாக அ. அண்ணனிடம் யாரும் அவர் தொழிலைப் பற்றிக் கேட்கவில்லை. நிமிர்ந்துவிட்டார்.

"பெட்ரோலுங்க சார். இங்க கடக்காத்து, உப்பு படியும். தண்ணியில போவாது. மல்துணிய பெட்ரோல்ல நனச்சு காலையில ஒரு தரம், சாயந்தரம் ஒரு தரம். துரைங்க வண்டியில என் வெளக்குக் கண்ணாடியப் பாத்துத் தல வாரலாம் சார், அப்படி இருக்கும். இதுல போன மாசம் நூலாட்டம் ஏதோ தெரிஞ்சுது. அழுக்குன்னு இன்னும் கொஞ்சம் ஊத்தித் தேச்சேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இது கண்ணாடி இல்லீங்க. பிளாஸ்டிக். பெட்ரோல் பட்டா நாளாவட்டத்துல இப்படித்தான் வெடிக்கும். திருகாணி ஓட்டைலேந்து ஆரம்பிச்சிருக்கு பாருங்க. இதுக்கு கியாரண்டி கிடையாது. சோப்புத் தண்ணிதான், பெட்ரோல் ஆகாதுன்னு வண்டியோட கொடுத்த புத்தகத்துல போட்டிருக்கே. இவருக்கு யாரும் படிச்சுச் சொல்லலையா?"

மு. என்னைப் பார்த்தார். அ. அண்ணனும் பார்த்தார்.

வண்டி வந்த அன்றே மு. அந்தப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். படித்து அந்தோணிக்கு விளக்கிச் சொல்லிவிடு என்றார். எண்ணெய் மாற்றுவது சொன்னேன். பாட்டரி சொன்னேன், டயர்க் காற்று சொன்னேன். கழுவித் துடைக்கும் பக்கம் வந்தது. இருபது வருஷம் துடைத்த கைக்கு இங்கிலீஷ் புத்தகம் துடைக்கச் சொல்லித் தருவதா, ஒரு தொழிலாளியை அவமானப்படுத்துவது என்றால் இதுதான் என்று மூடிவிட்டேன். அன்றைக்கு அது எனக்கு மரியாதையாகத் தெரிந்தது.

ஷெட்டில் நான் என்ன சொன்னேன்? சொன்னேன் என்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றும் சொல்லவில்லை. வாய் திறக்கவில்லை.

மு. சொன்னார்: "படிச்சுத்தான் சொல்லியிருப்பான். இவன் கேட்டிருக்க மாட்டான். கெழட்டுத் திமிரு. அந்தோணி, நாளைக்கு வர வேணாம்."

அ. அண்ணன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. துடைக்கும் துணியை மடித்துப் பெட்ரோல் டின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 14, வெள்ளி

காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் இல்லை.

மாலை அ. அண்ணன் வீட்டுக்குப் போனேன், மாதா கோயில் பின்னால். புத்தகத்தை எடுத்துக்கொண்டு. அவர் மனைவி மரியம்மா முக்காலி போட்டார், முகம் பார்க்கவில்லை.

"அந்தப் பக்கத்தப் படி தம்பி. தமிழ்ல."

படித்தேன். விளக்கு மூடிகளைச் சோப்புத் தண்ணீரால் மட்டும் துடைக்கவும். பெட்ரோல் கூடாது. அவ்வளவுதான்.

"இம்புட்டுதானா?"

"ஆமாண்ணே."

"இதச் சொல்ல எம்மா நேரம் ஆயிருக்கும்?"

புத்தகத்தை மூடினேன். மரியம்மா உள்ளேயிருந்து: "படிச்ச புள்ளைன்னு கோயில்ல எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்களே."

"நீ சும்மா இரு." பிறகு என்னிடம்: "அன்னிக்கு மறந்துட்ட, சரி. நேத்து ஏன் வாயத் தொறக்கல? அவரு முன்னாடி ஒரு வார்த்த."

"பயம்ணே."

"யாருக்கு? எனக்கா வேலை போச்சு, உனக்கா?" கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. குரலை இறக்கிக்கொண்டார். "ஊரெல்லாம் நான் இடிச்சேன்னு பேசுது. இடிச்சதுக்கும் தொடச்சதுக்கும் வித்தியாசம் இல்லியா? வேலை கெடக்குது. அந்தோணி இடிக்கலன்னு மொதலாளி வாயால சொல்லணும். அதுக்கு வழி பண்ணு."

புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டு வரப் பார்த்தேன். "எடுத்துட்டுப் போ. எனக்கு என்னாத்துக்கு?"

பிரெஞ்சு போனது, இங்கிலீஷ் வந்தது, புத்தகத்தை மூடி வைத்திருக்கிற கை மட்டும் மாறவில்லை என்று ஒரு வாரம் முன்பு எழுதியிருப்பேன், மு. கையை நினைத்து.

பிப்ரவரி 15, சனி

போனேன்.

மு. களத்தில். விழிதியூரிலிருந்து வந்த நெல் வண்டிகள் வரிசையாக. வண்டிக்காரர்கள், கிளறும் பெண்கள், எல்லோரும் இருந்தார்கள். நல்லதுதான் என்று நினைத்தேன். கால் என்னமோ ஷெட்டுப் பக்கம் திரும்பப் பார்த்தது.

"மொதலாளி, அந்தப் பக்கத்த நான் அந்தோணி அண்ணனுக்குப் படிச்சுச் சொல்லல. தப்பு என்னுது."

"தெரியும்." ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் தேய்த்தார். "அன்னிக்கே உன் மூஞ்சியில தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா அவர நிறுத்தினீங்க?"

"ஒருத்தன அனுப்பணும். டிரைவர் வேற கெடைப்பான். லெட்டர் எழுத இந்த ஊருல யாரு இருக்கா? நீ போயி வேலையப் பாரு. இங்கிலீஷ் தெரிஞ்ச டிரைவரா ஒருத்தன் பாக்கச் சொல்லியிருக்கேன்."

பெண்கள் கிளறுவதை நிறுத்திவிட்டார்கள். வண்டிக்காரர் ஒருவர் பீடியைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அவர் இடிக்கல. அது உங்களுக்குத் தெரியும். இத்தன பேரு இருக்காங்க. அந்தோணி இடிக்கலன்னு ஒரு வார்த்த இங்கேயே சொல்லுங்க. அவர இன்னிக்கே கூப்பிட்டு சாவியக் குடுங்க. இல்ல, என்னைய அனுப்புங்க."

உமியை ஊதினார். இரண்டு அரிசியை எடுத்துக் கடித்துப் பார்த்தார். மென்றார். அடுத்த வண்டிக்குப் போனார்.

கூடவே போனேன். களம் முழுக்கக் கேட்கும்படி இன்னும் சத்தமாகக் கேட்டேன்.

"அவர் இடிக்கலன்னு சொல்லுங்க மொதலாளி."