உள்ளே இருந்தவருக்கு அடித்த ஹாரன்

அன்பு மகளுக்கு, அம்மா சொல்லத் தம்பி எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நடமாடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம். அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும், வேலை அதிகம் என்று மூன்று வேளையை இரண்டாக்கிவிடாமல் இருக்க வேண்டும் என்று அம்மா முதல் வரியிலேயே எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுக் குளியலறை வாசலில் நெடுங்காலம் மிதிபட்டுச் சேவையாற்றிய பச்சை மிதியடி, சென்ற வியாழக்கிழமை முதல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டது. அன்னாரின் கடைசிச் சேவை அம்மாவை வழுக்கிவிட்டது. பயப்படாதே அக்கா, எலும்புக்கு ஒன்றுமில்லை, வலது மணிக்கட்டில் சுளுக்கு, டாக்டர் கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார். கை தொங்குகிறதே தவிர வாய் தொங்கவில்லை, இப்போதும் பக்கத்தில் உட்கார்ந்து என்னடா சிரிக்கிறே, நான் சொன்னதைத்தானே எழுதறே என்று கேட்கிறாள். அதனால்தான் இந்த முறை எழுத்து என்னுடையது. கோழி கிளறிய மாதிரி இருக்கிறது என்று சொல்லாதே, நீ போன பிறகு கோழி எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. போனிலேயே பேசிவிடலாமே என்றேன், உன் ஷிப்டும் நம் நேரமும் ஒத்துவருவதில்லை, வந்தாலும் சாப்டியா சாப்டேன், சரி வெச்சிடறேன் என்று முடிந்துபோகிறது, சொல்ல வேண்டியது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது என்கிறாள்.

சொல்ல வேண்டியது அப்பாவைப் பற்றி. நீ கிளம்பின சமயத்தில் நெடுஞ்சாலை நடுவில் வரிசையாகக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்களே, அது இப்போது விரைவுப் பாதை ஆகிவிட்டது. டோல் கட்டினால் அதில் பறக்கலாம், கட்டாதவர்கள் பழையபடி ஓரத்தில் நின்று பறப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கட்டினவனுக்குப் பாதை, கட்டாதவனுக்கு வாதை என்று நான் ஒரு வசனம் கண்டுபிடித்து வகுப்பில் கைதட்டல் வாங்கினேன். அந்த டோல் வருமானத்தில்தான் ஷட்டில் பஸ் விட்டிருக்கிறார்கள். பழைய செங்கல் சூளை இருந்த இடத்தைச் சமன்படுத்தி, கூரை போட்டுப் பெரிய பார்க்கிங் ஆக்கியாகிவிட்டது. காரையோ பைக்கையோ அங்கே விட்டுவிட்டு ஷட்டிலில் ஏறினால் நேராக நகரத்து நடு ஸ்டாப்தான். கதவு மூடினால் மூடினதுதான், இடையில் எங்கேயும் நிறுத்தம் கிடையாது. உள்ளே ஏசி, சாய்கிற சீட்டு, யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான் அக்கா, குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்பாவே அப்படித்தான் சொன்னார்.

அப்பா ஓட்டின நம் வேனில் தினமும் நகரத்து வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சொல்லிக்கொண்டு அங்கே மாறினார்கள். ஜன்னல் சீட்டு டீச்சர் வாசலில் நின்று கண் கலங்கினாராம், அட போங்க டீச்சர், எனக்கும் காலைல கொஞ்சம் தூங்கக் கிடைக்குமே என்று அப்பா சிரித்தே அனுப்பினார். குறட்டைக் கணக்கர் சொல்லக்கூட வரவில்லை, தூங்கிக்கொண்டே மாறிவிட்டார் போலிருக்கிறது. கடைசியில் வேனில் அப்பாவும் சீட்டுகளும் மட்டும் மிச்சம். வேனை விற்றது உனக்குத் தெரியும். அடுத்த மாதமே ஷட்டில் கம்பெனியில் டிரைவர் வேலை கிடைத்தது உனக்குத் தெரியும். சீருடையில் அப்பா எடுத்துக்கொண்ட போட்டோவை உனக்கு அனுப்பினோமே, அதுவரை எல்லாம் சரி. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தோம்.

மூன்று வாரத்துக்கு முன்னால், மழை பெய்த ஒரு காலையில், அப்பா ஷட்டிலை நிரப்பிக்கொண்டு பார்க்கிங்கை விட்டு வெளியே வந்தார். இடது பக்கம் திரும்பினால் விரைவுப் பாதை. அப்பா வலது பக்கம் திரும்பினார். வலது பக்கம் நம் தெருக்கள். அவ்வளவு பெரிய பஸ்ஸை அந்தத் தெருவில் எப்படி வளைத்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ரோடு வேலை நடக்கிறது, சுற்றிக்கொண்டு போகிறார் என்று நினைத்தார்களாம். அப்பா டீச்சர் வீட்டு வாசலில் நிறுத்தி இரண்டு தடவை குட்டையாக ஹாரன் அடித்தார். உனக்கு ஞாபகம் இருக்கும், வேன் காலத்தில் வீட்டுக்கு ஒரு ஹாரன் வைத்திருப்பார், டீச்சருக்குக் குட்டையாக இரண்டு, கணக்கருக்கு ஒன்றே ஒன்று, ஆனால் எழுந்திரிக்கிற வரைக்கும். டீச்சருக்கு அன்று விடுமுறை. ஆனாலும் ஹாரன் சத்தம் கேட்டதும் சீப்பு தலையில் செருகியிருக்க, ஒரு காலில் செருப்போடு ஓடி வந்து ஏறிவிட்டார். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்து கணக்கர். அவரும் வந்தார், ஏறினார், தூங்கிவிட்டார். மூன்றாவதாக, அதே வேன் கூட்டத்து மெடிக்கல் கடை அண்ணன் வீடு. அப்பா அடிக்கிறார், ஆள் வரவில்லை. மறுபடி அடிக்கிறார். அப்போது பஸ்ஸின் கடைசி சீட்டிலிருந்து அந்த மெடிக்கல் கடை அண்ணனே எழுந்து வந்து, அண்ணே, நான் உள்ளேதான் இருக்கேன் என்று மெதுவாகச் சொன்னாராம். அவர் பார்க்கிங்கில் பைக்கை விட்டுவிட்டு முதலிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

இந்த இடத்தில் நீ சிரிக்கலாம், நானும் சிரித்தேன், மெடிக்கல் கடை அண்ணன் எங்களுக்கு வந்து சொன்னபோது அம்மாகூட ஒரு நிமிஷம் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு மழையைத் துடைக்கிற வைப்பரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அதற்குள் பின்னால் பால் வண்டி, அதற்குப் பின்னால் ஆட்டோ, தெருவே அடைத்துக்கொண்டது. பிறகு பஸ்ஸை மெல்லப் பின்னால் எடுத்து, நெடுஞ்சாலைக்குப் போய், எல்லாரையும் தாமதமாக நகரத்தில் இறக்கிவிட்டார். நேர்முகத் தேர்வுக்குப் போன ஒரு பெண்ணுக்கு அன்று வாய்ப்புப் போய்விட்டது. அந்தப் பெண் புகார் கொடுத்தாள், கொடுக்காமல் என்ன செய்வாள். கம்பெனித் திரையில் பஸ் போன வழி முழுக்கக் கோடாக விழுந்திருந்தது, நம் தெரு, டீச்சர் தெரு, கணக்கர் தெரு எல்லாம் அதில் இருந்தது.

அன்றிலிருந்து அப்பா பார்க்கிங்கில் நிற்கிறார். பளபளக்கும் மஞ்சள் அங்கி, கையில் சிவப்பு விளக்குத் தடி, வருகிற காருக்கெல்லாம் இடம் காட்ட வேண்டும். வேனில் கூட்டிப்போன ஆட்களுக்கே இப்போது காரை எங்கே விட வேண்டும் என்று கை காட்டுகிறார். அவர்கள் கண்ணாடியை இறக்கி, என்னண்ணே இங்கே என்று கேட்டால், இங்கேதான் என்கிறார். வீட்டுக்கு வந்தாலும் அங்கியைக் கழற்ற மறந்துபோய் அப்படியே உட்கார்ந்திருக்கிறார், விளக்கைப் போட்டால் அப்பா மட்டும் தனியாக மின்னுகிறார். கோபமில்லை, சண்டையில்லை, அழுகையில்லை. டிவி ஓடினால் பார்க்கிறார், அணைத்தாலும் அதே பக்கம்தான் பார்க்கிறார். எப்படியாவது அவரை ஒரு அதட்டல் போட வைக்கலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை அவர் டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டேன். முன்பெல்லாம் ஒரு வாய் வைத்ததுமே, டேய் வாலு, வாடா இங்கே என்று வீடு அதிரும், உனக்குத் தெரியும். அப்பா முழுக்கக் குடித்தார். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். நான் கதவுக்குப் பின்னால் சிரிப்பதற்குத் தயாராக நின்றவன், அப்படியே நின்றுகொண்டிருந்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அம்மாவுக்கும் அப்படித்தான், வழுக்கி விழுந்த அன்று வலிக்கவே இல்லை, வீங்கின பிறகுதான் தெரிந்தது என்கிறாள்.

இப்போது நான் கம்பெனி ஆபீசில் செய்த வீரச்செயலை எழுத வேண்டும், அம்மா எழுதச் சொல்லிவிட்டாள். விசாரணைக்கு அப்பாவை அழைத்தார்கள், அம்மாவுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை, துணைக்கு நான் போனேன். மேலாளர் வட்டக்கண்ணாடி போட்ட ஆள், மேஜையில் அந்தக் கோடு போட்ட தாள். நான் விடவில்லை. இத்தனை வருஷம் ஒரு ஆளைக்கூடத் தெருவில் விட்டுவிட்டுப் போகாத டிரைவர் சார் இவர், பாதைதான் ஒரே நாளில் விரைவாக மாறும், மனுஷன் கை மாறுமா என்று கேட்டேன். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரெண்டு தெரு சுத்தினதுக்குக் கோடு போட்டு வெச்சிருக்கீங்களே, இத்தனை வருஷம் நேரா ஓட்டினதுக்கு ஒரு கோடு இருக்கா சார் என்று அடுத்ததைப் போட்டேன். அந்த மனுஷன் ஆடிப்போய்விட்டார், வேலையை விட்டு எடுக்க மாட்டோம், கொஞ்ச நாள் பார்க்கிங்கில் இருக்கட்டும், மாசக் கடைசிவரை டிரைவர் இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறேன் என்று இறங்கிவந்தார். இதை அம்மா எதிர் வீடு, பக்கத்து வீடு, ரேஷன் வரிசை வரை சொல்லியாகிவிட்டது. உன் தம்பிக்கு வாய்க்கொழுப்பு ஒருநாள் சோறு போடும்னு நான் சொல்வேன் இல்லையா என்று உனக்கும் எழுதச் சொல்கிறாள்.

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. தலை ஈரத்தோடு படுக்காதே. அறைத்தோழியிடம் ஜன்னலுக்காகச் சண்டை போடாதே, நீயே ஒரு போர்வை கூடப் போர்த்திக்கொள். லீவு போட்டு ஓடி வர வேண்டாம், இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. கால் வலித்தால் வெந்நீரில் வை. எந்த ஊரில் நின்றாலும் உன் நிழல் குளிர்ச்சியாக இருக்கட்டும், உன் கைபட்ட நோயாளிகள் எழுந்து நடக்கட்டும், நீ நூறு வயது நன்றாக இரு. சம்பள நாள் அன்று மறக்காமல் உனக்கென்று ஒரு செருப்பு வாங்கிக்கொள், போட்டோவில் பார்த்தேன், அது தேய்ந்துவிட்டது.

இப்படிக்கு,
கட்டுப் போட்ட கையோடு உன் அம்மா
(இடது கையால் போட்ட கையெழுத்து, போலி என்று நினைக்க வேண்டாம்)

அக்கா, அம்மா உள்ளே போய்விட்டாள். கவரை ஒட்டுவதற்கு முன் இதை நான் எழுதுகிறேன், நீ அம்மாவிடம் சொல்ல வேண்டாம். ஆபீசில் நான் கேட்டதாக எழுதினேனே, அதில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. எல்லாம் திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குத் தோன்றியது. மேலாளர் நல்லவர்தான், ஆடிப்போகவும் இல்லை. ஏன் இப்படி ஆச்சு என்று கேட்டார், கை திரும்பிடுச்சு சார் என்றார் அப்பா. இனிமே நடக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நாளைக்கே பஸ்ஸைக் கொடுத்துடறேன் என்றார். அப்பாவுக்கு வீம்பு இல்லை அக்கா, மறுபடி நடக்குமா என்று நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை, தெரியாததை எப்படிச் சொல்வது என்று உட்கார்ந்திருந்தார். அப்போது மேலாளர் என் பக்கம் திரும்பி, நீயாவது சொல்லு தம்பி, அப்பா நல்லாத்தானே இருக்கார் என்றார். ஆமாம் சார் என்று ஒரு வார்த்தை போதும். நான் தலைக்கு மேல் சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவருக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது போல. சரி, மாசக் கடைசிக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க என்று அனுப்பிவிட்டார். இன்னும் பத்து நாள்கூட இல்லை. நீ போன் பண்ணினால் அம்மா கையைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிடாதே, அப்பாவிடம் கொடுக்கச் சொல், வேலையைப் பற்றிப் பேசாதே, நல்லா இருக்கீங்களாப்பா என்று மட்டும் கேள், பதில் வர எவ்வளவு நேரமானாலும் லைனிலேயே இரு. நீயே கேட்கலாமேடா என்பாய். இன்று காலையில் அதைக் கேட்கத்தான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் திரும்பி என்ன என்பதுபோலப் பார்த்தார். பேப்பர் படிச்சிட்டீங்களா என்று கேட்டுவிட்டு, அதை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.