எல்லாப் பதிவுக்கும் ஒரே அடிவரி

அக்டோபர் 9, 2006. திங்கள். டுலூத்.

காபி போடும் மின்சாரக் குடுவையை வெர்னா இன்று கேஸ் அடுப்பின் மேல் வைத்துப் பற்றவைத்துவிட்டாள். நான் கீழ்த்தளத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நாற்றம் வந்து மேலே ஓடி வருவதற்குள் பிளாஸ்டிக் உருகி அடுப்பு முழுக்க வழிந்திருந்தது. அவள் பக்கத்திலேயே நின்று புகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீதானே காபி கேட்ட?" என்றாள்.

நான் கேட்கவில்லை. கேட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஃபீனிக்ஸில் இருக்கும் மகளிடம் போனில் சொன்னேன். கார்லா பிடித்துக்கொண்டாள். "அப்பா, அந்தக் கம்ப்யூட்டரை நான் வாங்கி வச்சது நீங்க சீட்டு விளையாடவா? மறதி வந்தவங்களை வீட்ல வச்சுப் பாத்துக்கறவங்களுக்குன்னே இன்டர்நெட்ல ஒரு மன்றம் இருக்கு. போய்க் கேளுங்கப்பா."

முன்பின் தெரியாத ஜனங்களிடம் போய் என் பெண்டாட்டியைப் பற்றிப் புலம்புவதா? நாற்பத்தொரு வருடக் குடித்தனத்தில் நான் பாதிரியாரிடம்கூட வாய் திறந்ததில்லை.

அக்டோபர் 11, புதன்.

திறந்தாயிற்று. அவள் மதியம் தூங்கும் ஒரு மணி நேரத்தில் மன்றத்தில் சேர்ந்தேன். பெயர் கேட்டது, ஓரின் லிண்ட்க்விஸ்ட் என்று முழுசாகக் கொடுத்தேன். கேள்விக்குக் கீழே வீட்டு விலாசமும் தொலைபேசி எண்ணும் போட்டேன். பதில் எழுதுகிறவனுக்கு வேண்டாமா? தலைப்பு: "உதவி."

முப்பத்தெட்டு வருடம் இரும்புத் தாதுவைக் கப்பலில் ஏற்றும் துறைமுகத்தில் சரக்கு ரயில்களுக்குச் சீட்டு எழுதியவன் நான். எல்லாமே பெரிய எழுத்து, கேபிடல். மழையில் நனைந்தாலும் ஓட்டுநர் படிக்க வேண்டும். அதே பழக்கத்தில் இங்கேயும் தட்டினேன். முதல் பதிலே, "பெரியவரே, எதுக்கு இப்படிக் கத்துறீங்க? எங்களுக்குக் காது கேக்குது." இந்த ஊரில் பெரிய எழுத்து என்றால் கத்துவதாம்!

பிறகு லொரெய்ன் என்று ஒரு அம்மாள் வந்தாள். அவள்தான் நிர்வாகி. என் தொலைபேசி எண்ணை அழித்துவிட்டு, தனியாக ஒரு கடிதம் அனுப்பியிருந்தாள். சொன்னதை எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் நானும் மறந்துவிடுவேன். முதலில் பழசைத் தேடிப் படிக்க வேண்டும், நம் கேள்வியை ஏற்கெனவே யாராவது கேட்டிருப்பார்கள். "உதவி" என்பது தலைப்பே இல்லை, இங்கே வருகிற எல்லோருக்கும் அதுதான் வேண்டும். "கேஸ் அடுப்பில் மின்சாரக் குடுவை வைக்கிறாள்" என்று போட்டால் தெரிந்தவர்கள் வருவார்கள். நன்றி சொல்ல மறக்கக் கூடாது. ஒவ்வொரு பதிவுக்கும் அடியில் நம்மைப் பற்றி ஒரு வரி வேண்டும், ஒரு தடவை எழுதினால் போதும், தானே ஒட்டிக்கொள்ளும்.

என் அடிவரி: "மனைவி வெர்னா, 65. நோய் தெரிந்தது 2004. வீட்டில் இருக்கிறாள்."

"வீட்டில்" என்று தட்டியபோது கை கொஞ்சம் நின்றது. முதியோர் விடுதியில் விடமாட்டேன் என்று டாக்டர் வீட்டு வாசலில் அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவளுக்கு அது ஞாபகம் இல்லை. எனக்கு இருக்கிறதே.

தலைப்பை மாற்றியதும் யாரோ ஒருவர் எழுதினார்: "அடுப்பைத் திருகற குமிழ்களைக் கழற்றிச் சட்டைப் பையில போட்டுக்குங்க. வேணும்கிறப்ப மாட்டிக்கலாம்." இவ்வளவுதான் விஷயம். நான்கு குமிழ்கள். பையில் கடகடவென்கின்றன.

அக்டோபர் 17, செவ்வாய்.

பழைய இழைகளைப் படிக்கிறேன். ஒரு கேள்வியும் அதற்கு வந்த பதில்களும் சேர்ந்தால் இங்கே இழை. 2003-ல் "வால்ட்டின் மனைவி" என்ற பெயரில் ஒருத்தி எழுதியது: "இன்னைக்கு வால்ட் பதினொரு பான்கேக் சாப்பிட்டார். போதும்னு அவருக்குத் தெரியல. எப்படி நிறுத்தறது?" அடிவரியில்: "என் கணவர் வால்ட். மறைவு, பிப்ரவரி 2005."

2003-ல் பான்கேக் சாப்பிடுகிற மனிதன் 2005-ல் செத்தது அப்போதே எப்படித் தெரியும்? ஏதோ ஒரு தேதி தப்பு. தேதி தப்பான சீட்டோடு ஒரு வண்டியைக்கூட நான் விட்டதில்லை. பதில் எழுதினேன்: "அம்மணி, இரண்டு தேதிகளும் ஒத்துப்போகவில்லை. சரிபார்த்துத் திருத்தவும்."

அக்டோபர் 18, புதன்.

என்ன காரியம் செய்துவிட்டேன்.

லொரெய்ன் விளக்கினாள். அடிவரி இருப்பது ஒரே இடத்தில். இன்று மாற்றினால் என்றைக்கோ எழுதிய முதல் பதிவு வரை எல்லாவற்றிலும் மாறிவிடும். அந்தத் தேதி தப்பே இல்லை. போதாக்குறைக்கு, பழைய இழையில் யாராவது பதில் எழுதினால் அது முதல் பக்கத்துக்கு ஏறி வந்துவிடுமாம். மன்றமே பார்த்திருக்கிறது, ஒரு விதவையிடம் உன் புருஷன் செத்த தேதியைத் திருத்து என்று நான் சொன்னதை.

கணக்கை மூடிவிட்டு ஓடிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அதற்குள் அவளே எழுதியிருந்தாள். ஒமாஹாக்காரி. பெயர் நடீன்.

"ஓரின், இந்தப் பக்கத்தை நான் திறந்து மூணு வருஷம் ஆச்சு. பதினொரு பான்கேக்! மறந்தே போயிட்டேன். மனுஷன் தட்டுல இருந்த சிரப்பைக்கூட விடல, நக்கிட்டாரு. மேல தூக்கிட்டு வந்ததுக்கு நன்றி. ஓடிப் போயிடாதீங்க."

ஓடவில்லை. ஆனால் இப்போது எந்தப் பழைய இழையைத் திறந்தாலும் கண் முதலில் கீழேதான் போகிறது. "நாடா இல்லாத ஷூ எங்கே கிடைக்கும்?" மறைவு, 2004. "என்னை அம்மா என்று கூப்பிடுகிறார், திருத்தலாமா?" மறைவு, 2006. கேட்கும்போது இவர்கள் யாருக்கும் தெரியாது.

நவம்பர் 6, திங்கள்.

வெர்னா இரண்டு தடவை கோட்டு இல்லாமல் வெளியே போய்விட்டாள். வேலைக்கு நேரமாகிறதாம். நூலகம் அவளை வேலையிலிருந்து அனுப்பி ஐந்து வருடம் ஆகிறது. ஏரிக் காற்று இப்போதே கத்தியாக இருக்கிறது. மன்றத்தில் கேட்டேன், ஒழுங்கான தலைப்போடு.

நடீன்: "கதவுக்கு உள்பக்கம் ஒரு கருப்பு மிதியடி போடுங்க. அவங்க கண்ணுக்கு அது குழி மாதிரி தெரியும். தாண்ட மாட்டாங்க. வால்ட் ஒரு வருஷம் தாண்டல."

நவம்பர் 8, புதன்.

போட்டேன். பலிக்கிறது. விளிம்பு வரை வந்து நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஓரின், இங்க யாரு தோண்டினது?" என்றாள்.

நான்தான் தோண்டினேன் என்று எப்படிச் சொல்வது?

நவம்பர் 23, வியாழன். நன்றி தினம்.

பக்கத்து வீட்டு ஐனோ பண்டிகைக்குப் பூசணிக்காய்ப் பலகாரம் கொண்டுவந்தான். கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தான். மிதியடி மேல்தான். வெர்னா போட்ட அலறல் தெருவுக்கே கேட்டிருக்கும். "விழுந்துட்டான்! ஐனோ விழுந்துட்டான்! பிடி ஓரின், பிடி!" என்று தரையில் படுத்து அவன் காலைக் கட்டிக்கொண்டு இழுக்கிறாள்.

"யோவ், என்னய்யா இது? நான் நல்லாத்தானே நிக்கிறேன்?" ஐனோவுக்குக் கண் கலங்கிவிட்டது. பலகாரம் தரையில் கிடந்தது.

அவளைச் சமாதானப்படுத்த ஒரு மணி நேரம் ஆயிற்று. சொந்த வீட்டில் அவளுக்கு ஒரு பாழுங்குழி வெட்டி வைத்திருக்கிறேன், நான் என்ன மனுஷன்? மிதியடியைச் சுருட்டிக் கீழ்த்தளத்தில் போட்டேன். கதவில் ஒரு மணி கட்டினேன். போதும்.

மன்றத்தில் சொல்லவில்லை. நடீன் கேட்டதற்கு "நன்றாக வேலை செய்கிறது" என்று எழுதினேன்.

டிசம்பர் 14.

நல்ல நாள். நான் தலைவாரிவிடும்போது பாடினாள்.

ஜனவரி 16, 2007. செவ்வாய்.

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன்.

காலை பத்தே கால். மன்றத்தில் மொன்டானாவில் இருந்து ஒரு புதியவள், "உதவி" என்று மட்டும் தலைப்புப் போட்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. தலைப்பு எப்படி எழுத வேண்டும், தொலைபேசி எண் ஏன் போடக்கூடாது என்று விளக்கி நீளமாக எழுதினேன். பெரிய வாத்தியார்.

மணி அடித்ததா? அடிச்சிருக்கும். கேக்கலையே. எனக்குக் கேக்கலையே.

ஐனோதான் கண்டுபிடித்தான். நூலகம் போகும் பேருந்து நிறுத்தத்தில், வீட்டுச் செருப்போடு உட்கார்ந்திருந்தாளாம். பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு. எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஜனவரி 29.

நுரையீரலில் சளி கட்டிவிட்டது. "நீங்க யாரு வீட்டுக்காரர்?" என்று கேட்டாள். உன் வீட்டுக்காரன்தான் என்றேன். "அவருக்குக் காபி குடுத்தாங்களா?" என்றாள்.

பிப்ரவரி 11, ஞாயிறு.

காலை 6.40. கார்லா பக்கத்தில் இருந்தாள். நானும்.

பிப்ரவரி 27, செவ்வாய்.

கார்லா ஊருக்குப் போய்விட்டாள். இன்று மன்றத்தில் எழுதினேன். தலைப்பு: "மிதியடியை எடுத்தது நான்தான்." நவம்பரில் எடுத்ததையும், பொய் சொன்னதையும், அந்தப் பத்தே காலையும் எழுதினேன். ஒன்றும் விடவில்லை.

உங்கள் தப்பு இல்லை என்று பதினாறு பேர் எழுதினார்கள். நல்லவர்கள். நன்றி சொன்னேன். ஆனால் ஒன்றும் உள்ளே இறங்கவில்லை.

நடீன் கடைசியாக வந்தாள். "தப்பு இல்லன்னு நான் சொல்ல மாட்டேன் ஓரின். நான் மிதியடியை எடுக்கல. வால்ட் அந்த வருஷம் பூரா கூடத்துக்கு வரவே பயந்து படுக்கையறையிலயே கிடந்தார். சாகிற வரைக்கும் அந்தப் பயம் போகல. நீங்க எடுத்தீங்க, நான் விட்டு வச்சேன். ரெண்டு பேரும் இப்ப தனியா உக்காந்து டைப் அடிக்கிறோம். நாளைக்கும் எழுதுங்க."

மேஜையில் தலையை வைத்து அழுதேன். செத்த நாளில்கூட இப்படி அழவில்லை.

மார்ச் 19, திங்கள்.

அடிவரியை மாற்ற ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. "வீட்டில் இருக்கிறாள்" என்பதை அழிக்க மனம் வரவில்லை. அழித்தேன். "மனைவி வெர்னா. மறைவு, பிப்ரவரி 2007."

பிறகு என் முதல் பதிவைத் திறந்து பார்த்தேன். பெரிய எழுத்தில் கத்திக்கொண்டிருக்கிறேன், குடுவை உருகிவிட்டது, என்ன செய்வது என்று. அதற்கும் அடியில் அது வந்து உட்கார்ந்துவிட்டது.

ஏப்ரல் 12, வியாழன்.

அந்த முதல் இழை இன்று திடீரென்று மேலே வந்திருந்தது. மனிடோபாவில் இருந்து ஒருவர், புதியவர், அவருக்கு இதுதான் முதல் பதிவு. "ஐயா, என் வீட்லயும் இதே கதைதான், கெட்டில். உங்க மனைவி அப்புறம் அடுப்பு பக்கம் போகாம இருக்காங்களா?"

பத்து நிமிடம் கழித்து அவரே இரண்டாவதாக எழுதியிருந்தார். "மன்னிச்சுக்குங்க. கீழ இருக்கறதை இப்பத்தான் பாத்தேன்."

மன்னிப்பு வேண்டாம், நானும் இதைத்தான் செய்தேன், பழசைத் தேடிப் படித்தது சரிதான் என்று எழுதினேன். குமிழ்களைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். நான்கையும் கழற்றினேன், அதன் பிறகு அவள் ஒரு தடவைகூடச் சுட்டுக்கொள்ளவில்லை என்றேன்.

அனுப்பிவிட்டுக் காபி போட எழுந்தேன். அடுப்பு முன்னால் நின்றபோதுதான் கவனித்தேன். நான்கும் இன்னும் என் பையில்தான் இருக்கின்றன. தினமும் ஒன்றை எடுத்து மாட்டி, காபி போட்டு, மறுபடி கழற்றிப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.