நான்கு பெட்டிகளை நாற்பத்தெட்டாக எண்ணியது குறித்து

அனுப்புநர்:
விதை ஊறவைக்கும் பணியாளர் (பணியிடைநீக்கத்தில் இருப்பவர்),
விதைப் பரிசோதனைக் கூடம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
விதைப் பரிசோதனைக் கூடம்.

பொருள்: கையால் ஊறவைப்பதே முளைப்பைக் கெடுக்கிறது என்ற ஆய்வு முடிவை மறுபரிசீலனை செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

பத்தொன்பது ஆண்டுகளாக இங்கே விதை ஊறவைக்கிறேன். திங்கட்கிழமை தங்கள் உத்தரவைப் படித்ததும் தலையில் இடி விழுந்தது போலாயிற்று. என் கைதான் முளைப்பைக் கெடுக்கிறதாம். சோதனை என்று நடந்ததை, விதை ஊறவைக்கும் புது இயந்திரத்தைப் பழக்குகிறார்கள் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

1. சோதனையில் பார்த்தவை இரண்டு: ஊறவைத்தது கையா இயந்திரமா, தட்டு வெளிச்சத்திலா, கறுப்புத் துணிக்குள்ளா. முளைப்புப் பெட்டிகள் நான்கு. பெட்டிக்குப் பன்னிரண்டு தட்டு, அதில் பாதி மூடியவை. ஆனால் ஒரு பெட்டி முழுக்கக் கை, அல்லது முழுக்க இயந்திரம்; கைக்கு இரண்டு பெட்டி, இயந்திரத்துக்கு இரண்டு.

2. புள்ளியியலாளர், கை, இயந்திரம் என்ற பெயர்களை நாற்பத்தெட்டுத் தட்டுகளுக்கும் இஷ்டத்துக்கு மாற்றிப் போட்டுக் கணக்கிட்டிருக்கிறார். "அஞ்சாயிரம் தடவை கலைச்சாச்சும்மா. இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலா மூணே தடவைதான் வந்துச்சு. நான் என்ன பண்ண?" என்றார்.

3. பள்ளியில் கணக்கு சொல்லித்தரும் என் மருமகள், அறிக்கையைப் படித்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் நான்கு தீப்பெட்டிகளை வைத்தாள். "ஒரே பெட்டில இருக்கறது ஒண்ணாச் சூடாகும், ஒண்ணாக் குளிரும் அத்தை. பேரைப் பெட்டி பெட்டியாத்தான் மாத்தணும்" என்றாள். நான்கில் இரண்டைக் கைக்குக் கொடுக்க ஆறே வழிகள். என் இரண்டு பெட்டிகளும் முளைப்பில் கடைசியில் வந்தது, பகடையில் ஒன்று விழுவது போல ஆறில் ஒரு வாய்ப்புத்தான். ஒவ்வொரு பெட்டியிலும் மூடியதும் மூடாததும் இருப்பதால், துணிக் கணக்குக்கு மட்டும் அந்தந்தப் பெட்டிக்குள்ளேயே தட்டுகளைக் கலைக்கலாமாம். ஐயாயிரம் எங்கே, ஆறு எங்கே!

4. ஒன்றை மறைக்க மனமில்லை. ஈரத் தட்டுகளைத் தூக்கி நடக்கச் சோம்பல்பட்டு, கதவோரத்து இரண்டு பெட்டிகளில் என் தட்டுகளை அடுக்கியவள் நானே. கதவு திறக்கும்போதெல்லாம் அங்கே குளிர்காற்று அடிக்கும். பெட்டிகளைச் சீட்டுக் குலுக்கி ஒதுக்காததால் அந்த ஆறுகூடச் செல்லாது என்று மருமகள் சொல்லிவிட்டாள். என் வேலைக்கு நானே உலை வைத்திருக்கிறேன்.

ஆகவே, ஒவ்வொரு பெட்டியிலும் இருவகைத் தட்டுகளையும் சீட்டுக் குலுக்கி வைத்து மறுசோதனை நடத்தவும், பெட்டிக்குள்ளேயே கலைத்துக் கணக்கிடவும், அதுவரை உத்தரவை நிறுத்திவைக்கவும் வேண்டுகிறேன். அப்போதும் என் கைதான் குற்றவாளி என்று வந்தால், நானே விலகிக்கொள்கிறேன். தட்டுகளை மட்டும் இந்த முறை வேறு யாராவது அடுக்கட்டும்.

இடம்: பரிசோதனைக் கூட வாயில்
நாள்: உத்தரவு கிடைத்த மூன்றாம் நாள், புதன்கிழமை

தங்கள் பதிலுக்கு வாயிலிலேயே காத்திருக்கும்,
(கையொப்பம்)
விதை ஊறவைக்கும் பணியாளர்