வலப்பக்கத்து எஞ்சின்

அண்ணை,

போன சனிக்கிழமை புரோசார்டில், முன்பின் தெரியாத ஒருவருடைய வீட்டு வாசலில், ஒரு பழைய காரின் முன்மூடியில் உள்ளங்கையை வைத்தேன். மகள் பல்கலைக்கழகம் போய்வர ஒரு கார் வேண்டுமென்று இரண்டு மாதமாக நச்சரித்து, கடைசியில் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போயிருந்தாள். மூக்கு நுனி விறைக்கிற குளிர். காரை இரண்டு நாளாக எடுக்கவேயில்லை என்று விற்பவர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். மூடியோ இளஞ்சூடாக இருந்தது.

வைத்த கையை எடுக்க முடியவில்லை. "என்னப்பா?" என்றாள் மகள். விற்பவர் கைகளைத் தேய்த்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு எனக்காகக் காத்து நின்றார். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். ஆறு வருடங்களுக்கு முன், உல்லாசப் படகொன்றின் எஞ்சினில் கையை வைத்தபடி நீங்கள் என்னைக் கேட்கச் சொன்ன அதே கேள்வி.

பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரே கட்டடத்தில் நீங்கள் மூன்றாம் மாடியில், நான் இரண்டாம் மாடியில் இருந்த காலத்திலேயே உங்கள் சனிக்கிழமைகள் உங்களுடையவையாக இருந்ததில்லை. ஊரில் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பார்த்த மனிதர், இங்கே ஹோட்டல் படுக்கை விரிப்புகளைத் தோய்க்கிற இடத்தில் வேலை. சனிக்கிழமை விடிந்தால் யாராவது படியேறி வருவார்கள். "அண்ணை, ஒரு கார் பார்க்கோணும், ஒருக்கா வாறியளே?" நீங்களும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். கூலி, மூன்று கரண்டி சீனி போட்ட ஒரு தேத்தண்ணி. உங்கள் வீட்டு அக்கா அதற்கும் உங்களைத் திட்டுவா.

விற்பவர் என்ன சொன்னாலும் நீங்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை. சாவியைத் திருப்ப விடுவதுமில்லை. முதலில் கைதான். "ஆறின எஞ்சினைத்தான் பார்க்கோணும் தம்பி. சூடாக்கி வைச்சா எதுவும் ஸ்டார்ட் ஆகும்" என்பீர்கள். சூடாக இருந்தால் மறுபேச்சில்லாமல் வீட்டுக்குத் திரும்பி, மறுநாள் மறுபடி போவீர்கள். உங்கள் கை பட்ட காரை வாங்கி யாரும் ஏமாந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நான் புறநகரில், கர்க்லாண்டில் வீடு வாங்கிப் போன பிறகு எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறியிருந்தது. கொஞ்சம் என்று எழுதுவதும் பொய்தான், நன்றாகவே ஏறியிருந்தது. அலுவலகத்தில் எல்லோரும் ஏரி, படகு, கோடை வீடு என்று கதைப்பார்கள். 2003 மே மாதத்தில் ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, நானும் ஒரு படகு எடுத்துவிட்டேன், ஜூன் மாதத்துச் சென் ஜோன் விடுமுறைக்கு எல்லோரும் வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். படகை அப்போது நான் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை உங்களையும் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். நீங்கள் முதுகில் ஹோட்டல் பெயர் போட்ட அந்த நீலச் சட்டையோடு வந்தீர்கள். வேறு சட்டை இல்லையா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. விற்றவர் ஓய்வுபெற்ற பல்வைத்தியர், தும்பைப்பூ வெள்ளையில் சேட்டு, வெள்ளைக் காற்சட்டை. எங்களை மேல்தளத்தில் உட்கார வைத்துக் கோப்பி ஊற்றித் தந்தார். உங்களைக் காட்டி, இவர் யார் என்று பிரெஞ்சில் கேட்டார். அண்ணன் என்று சொல்லியிருக்கலாம், நண்பர் என்றாவது சொல்லியிருக்கலாம். "வேலைக்கு உதவியாக வந்த ஆள்" என்றேன். நீங்கள் அது விளங்காமல் எழுந்து "பொன்ஜூர்" சொல்லி அவருக்குக் கை கொடுத்தீர்கள்.

தளத்துப் பலகையைத் தூக்கியதும் உள்ளே இரண்டு டீசல் எஞ்சின்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நீங்கள் முழங்காலில் நின்று இடப்பக்கத்தில் கையை வைத்தீர்கள். பிறகு வலப்பக்கம். மறுபடியும் இடப்பக்கம்.

"தம்பி, இஞ்ச வா. இரண்டையும் தொட்டுப் பார்."

தொட்டேன். இடப்பக்கம் ஏரித் தண்ணீர் போலக் குளிர்ந்து கிடந்தது. வலப்பக்கம் சுட்டது.

"நாங்கள் வரமுன்னம் இதை மட்டும் ஓட்டிச் சூடாக்கி வைச்சிருக்கிறார். ஏன் எண்டு கேள்."

அண்ணை, அந்தக் கேள்வியைப் பிரெஞ்சில் கேட்க எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் கோப்பி ஊற்றித் தந்த மனிதரை முகத்துக்கு நேரே சந்தேகப்படுவது மரியாதைக் குறைவு என்று எனக்குப் பட்டது. இவர்கள் ஆட்களை நம்பாத சனம் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று வெட்கப்பட்டேன். அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது. அவர் உண்மையைச் சொல்லிவிட்டால் படகு கிடைக்காது, அலுவலகத்தில் நான் விட்ட கதை பொய்யாகிவிடும். அதனால் அவர் பக்கம் திரும்பி, இதில் எத்தனை பேர் இருக்கலாம் என்று கேட்டேன். எட்டுப் பேர் வசதியாக இருக்கலாம் என்று அவர் அங்கும் இங்கும் கை காட்டிச் சொன்னார். நீங்கள் விளங்காத மொழியில் அசைகிற அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"பற்றரி இறங்கிப் போச்சாம் அண்ணை. சார்ஜ் ஏத்த எண்டு காலமை அதை மட்டும் ஓட்டினவராம்" என்றேன்.

"அப்பிடியே சொன்னவர்?"

"ஓம் அண்ணை."

"அப்ப சரி. ஆள் மறைக்கேல்லை" என்று உங்கள் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவை நான் எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்துவிட்டேன். நான் சொன்னதால்தான் நம்பினீர்கள். வேறு யாராவது சொல்லியிருந்தால் நாளைக்கு வருவோம் என்று எழுந்திருப்பீர்கள்.

இரண்டு எஞ்சினும் முதல் திருப்பிலேயே பிடித்தன. ஏரியில் ஒரு சுற்றுப் போய் வந்தோம். "எடு தம்பி, நல்லம்" என்றீர்கள். விலையைக் குறைக்கக் கேட்டதும் பல்வைத்தியர் உடனே சம்மதித்தார். என் பேச்சுத் திறமை என்று வழியெல்லாம் உங்களிடம் பீற்றிக்கொண்டு வந்தேன்.

சென் ஜோன் அன்று அலுவலகத்து ஆட்கள் எட்டுப் பேரும் வந்தார்கள். வலப்பக்கத்து எஞ்சின் காலையில் நெடுநேரம் முக்கி, வெள்ளைப் புகையாகக் கக்கித்தான் பிடித்தது. நடு ஏரியில் நின்றேவிட்டது. மிஞ்சிய ஒற்றை எஞ்சினோடு, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, நடந்து போகிற வேகத்தில் கரை சேர்ந்தோம். கடந்து போன படகுக்காரர்கள் கை அசைத்தார்கள். பிறகு எஞ்சினைக் கழற்றிப் பார்த்தவர், உள்ளே எல்லாம் தேய்ந்து நெடுநாளாகிவிட்டது, ஆறிக் கிடந்தால் இது லேசில் பிடித்திருக்காதே, வாங்கும்போது யார் பார்த்தது என்று கேட்டார்.

அதே கேள்வியைத்தான் ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் ஒருவர் கேட்டார். "என்ன கப்டன், உங்கட கப்பல் ஏரியிலயே படுத்திட்டுதாம்? எஞ்சினை ஆர் பார்த்தது?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மகள் என் பக்கத்தில் நின்றாள். நீங்கள் நாலடி தள்ளி, கையில் ரோல்ஸ் தட்டோடு நின்றீர்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அண்ணைதான் பார்த்தவர்" என்றேன்.

சிரிப்பு நின்றது. நீங்கள் தட்டை மேசையில் வைத்தீர்கள். "ஓம், நான்தான் பார்த்தனான். என்ர கை பிழைச்சுப் போச்சு" என்றீர்கள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். நீங்கள் அதை நம்பிச் சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் "வேண்டாம் தம்பி, கராஜில காட்டுங்கோ" என்று அனுப்பிவிட்டீர்களாம். சனிக்கிழமைகளில் மனுசன் ரீவிக்கு முன்னால் இருக்குது, ஒருக்கா வந்து கதைச்சிட்டுப் போ என்று அக்கா என்னிடமே சொன்னா. நான் போகவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் கர்க்லாண்டில் மருந்துக்கடை வரிசையில் அந்தப் பல்வைத்தியரைக் கண்டேன். அவர்தான் என்னை அடையாளம் கண்டு, படகு எப்படி என்று கேட்டார். அப்போது கேட்டேன் அண்ணை, நாலு வருடம் பிந்தி. அன்றைக்கு வலப்பக்கம் ஏன் சூடாக இருந்தது?

அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. "ஆறிக் கிடந்தால் அது பிடிக்காது. உங்கள் முன்னால் மானம் போகக்கூடாதென்று காலையில் ஓட்டி வைத்தேன். உங்களோடு வந்தவர் கையை வைத்தவுடனேயே கண்டுபிடித்துவிட்டாரே! உங்களைக் கூப்பிட்டுச் சொன்னதையும் பார்த்தேன். நீங்கள் எத்தனை பேர் இருக்கலாம் என்று கேட்டீர்கள். சரி, தெரிந்துதான் வாங்குகிறார் என்று நினைத்தேன். அதனால்தான் விலையில் மறுத்துப் பேசவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்."

மருந்தை வாங்காமலே காரை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்தேன். மூன்று மாடியும் ஏறினேன். அக்கா மீன் பொரித்தா. நீங்கள் முழங்கால் வலியைப் பற்றிக் கதைத்தீர்கள், நான் தலையாட்டினேன். இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டேன். பிறகு "பேந்து வாறன் அண்ணை" என்று எழும்பிவிட்டேன். கதவடியில் நீங்கள், "உன்ர காரில பெல்ட் கத்துது, வரேக்க கேட்டது. ஆரிட்டையும் காட்டு" என்றீர்கள். மூன்றாம் மாடியில் இருந்தே கேட்ட உங்களுக்கு, இறங்கி வந்து பார்க்கத் துணிவு இருக்கவில்லை. அந்தத் துணிவைப் பறித்தவன் நான். அப்போதும் உண்மையைச் சொல்லாமல் படியிறங்கினேன்.

போன பனிக்காலத்தில் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். பெட்டிக்குள் உங்கள் கைகளில் செபமாலை சுற்றியிருந்தது. நான் முகத்தைப் பார்க்காமல் அந்தக் கைகளை மட்டும் பார்த்துவிட்டு விலகினேன்.

புரோசார்டில் கடைசியில் கேட்டேன். "மன்னிக்கவும், இது ஏன் சூடாக இருக்கிறது?" விற்பவர் கொஞ்சம் அசடு வழிந்தார், குளிரில் தகராறு பண்ணும் என்று ஒப்புக்கொண்டார். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். யாருக்கும் மரியாதை குறையவில்லை. அரை நிமிடம்கூட ஆகவில்லை, அண்ணை.

திரும்பி வரும்போது பாலத்தில் மகள் கேட்டாள். "இப்பிடித் தொட்டுப் பாக்க ஆர் அப்பா சொல்லித் தந்தது?"

உங்களைச் சொன்னேன்.

"ஓ, அந்தப் போட்டைப் பிழையாப் பார்த்த மாமாவா?"

அன்று மண்டபத்தில் என் பக்கத்தில் நின்றபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. உங்களைப் பற்றி அவளிடம் மிஞ்சியிருப்பது அவ்வளவுதான். பாலம் முடிவதற்குள் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இது மாமாவுக்குத் தெரியுமா?" என்றாள். இல்லை என்றேன். "மாமிக்கு?" அதற்கும் இல்லை.

இப்போதெல்லாம் எந்தக் காரைக் கடந்து போனாலும் என் கை தானாக அதன் மூடிக்குப் போகிறது. உங்களிடமிருந்து என்னோடு வந்தது அது ஒன்றுதான், அதுவும் கேளாமல் எடுத்தது. நாளை ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து அக்கா அதே மண்டபத்தில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்பா. அன்று சிரித்தவர்களும் நிற்பார்கள். மகளும் வருகிறேன் என்கிறாள். இந்தக் கடிதத்தை அக்காவின் கையில் மெல்லக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் எழுதத் தொடங்கினேன், அது போதாது. உங்களைக் காட்டிக் கொடுத்தபோது எல்லாருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன். இதையும் அதே குரலில்தான் சொல்ல வேண்டும்.

வலப்பக்கம் சூடாகத்தான் இருந்தது. அண்ணையின் கை பிழைக்கவில்லை.