பதினேழாவது அமைப்பு

மார்ச் 3
ஒரு மாதம் கழித்து வேலைக்குப் போனேன். லிஃப்டில் எல்லோரும் தரையையே பார்த்தார்கள். அப்படி என்ன கொட்டிக் கிடக்கிறது அங்கே?

மார்ச் 4
மேனேஜர் தோளைத் தட்டினார். "மெதுவா பண்ணுப்பா, அவசரமே இல்ல." அதே மூச்சில், "அடுத்த வெள்ளிக்கிழமை டெமோ, ஞாபகம் இருக்குல்ல?"

மார்ச் 5
ஆய்வுக்கூடத்துச் சுவரில், சிக்னலைத் திருப்பிவிடும் எங்கள் தகடு அப்படியே இருக்கிறது. இந்த உயர் அலைவரிசை சிக்னலுக்கு நடுவில் ஓர் ஆள் நின்றாலே அறுந்துவிடும். தகட்டின் சதுரங்களை மாற்றி அமைத்தால், அதில் பட்டுத் திரும்பி, ஆளைச் சுற்றிக்கொண்டு வந்து சேரும். ஆள் எங்கே நின்றால் எந்த அமைப்பு என்று ஓர் அட்டவணை உண்டு.

அதில் பதினேழாவது அமைப்புக்கு நின்றவள் அவள். ஜனவரியில் ஒரு ஞாயிறு, வேறு ஆள் கிடைக்காமல் கூட்டிவந்தேன். "ஊருல பொண்டாட்டிய சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. நீ தூணா நிக்கக் கூட்டிட்டு வந்திருக்க!"

இன்று பதினேழை ஓட்டிப் பார்த்தேன். யாருமே இல்லாத இடத்தைச் சிக்னல் சுற்றிக்கொண்டு போகிறது.

மார்ச் 6
மேனேஜர் வந்தார். "பதினேழுல மட்டும் ரீடிங் ஆடுதேப்பா. அழிச்சிட்டுப் புதுசா அளந்துடு."

அழிச்சிடணுமாம். வாய் கூசாம சொல்றாரு. பாவம், அங்க நின்னது யாருன்னு அவருக்குத் தெரியாது.

பழைய பதிவைத் திறந்தேன். முப்பத்து நான்காவது நிமிடத்தில் ஓர் ஆட்டம். பக்கத்தில் என் குறிப்பு: பிழை — ஆள் அசைந்தது.

இப்பதான் ஞாபகம் வருது. "கொஞ்சம் உக்காரட்டுமா? படபடன்னு வருது"ன்னா. நான் திரையிலேருந்து கண்ணைக்கூட எடுக்கல. "ரெண்டே நிமிஷம். அசையாதம்மா"ன்னேன். 'அம்மா' வேற!

அதுக்கப்புறம் பத்தொன்பதே நாள். போயிட்டா. இதயம்னாங்க. "முன்னாடியே எதுவும் சொல்லலையா மாப்ள?"ன்னு மாமியார் கேட்டாங்க. "இல்லங்க அத்தை"ன்னேன்.

சொன்னா. சொன்னதை எழுதியும் வெச்சிருக்கேன். பிழைன்னு.

மார்ச் 7
எதுவும் ஓடவில்லை.

மார்ச் 9
ஞாயிறு. ஆய்வுக்கூடத்தில் யாருமில்லை. அவள் நின்ற இடத்தில் தரையில் ஒட்டிய டேப் ஓரம் பிய்ந்திருந்தது. அளவீட்டை ஓடவிட்டு அதன்மேல் நானே நின்றேன். ஒரு மணி நேரம். கால் கடுத்தது — எனக்கு அவ்வளவுதான்.

புதிய பதினேழு ஆடாமல் வந்தது. அட்டவணையில் ஏற்றினேன். பழைய பதிவை அழிக்கவில்லை. 'பிழை'யை எடுத்துவிட்டு, 'படபடவென்று வருகிறது என்றாள். உட்காரவிடவில்லை' என்று எழுதினேன். அந்தப் பக்கத்தை அச்செடுத்து, மடித்து, சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

அத்தைக்கு போன் செய்தேன். "நாளைக்குச் சாயங்காலம் வீட்டுல இருப்பீங்களா?"

"நாங்க எங்க போகப்போறோம் மாப்ள? வாங்க."