ஸ்டெல்லாவுக்குப் பதில் நான் சொன்னது

ஆகஸ்ட் 19, செவ்வாய்

என்மேலேயே எரிச்சலாக வருகிறது. சனிக்கிழமை நடவு முடிந்து வந்த ஸ்டெல்லா, அடிவயிறு வலிக்கிறது என்றாள். நடவு சமயத்தில் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டாள் என்பதால் போனில் ஏஐயிடம் கேட்டேன். மனைவிக்கு வயிற்று வலி, என்ன கொடுக்கலாம் என்று.

அது உடனே எதுவும் சொல்லவில்லை. சிறுநீர் போகும்போது எரிகிறதா, பகலில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று என்னைத் திருப்பிக் கேட்டது. எரிச்சல் இல்லை, நிறையக் குடிப்பாள் என்று நானே அடித்தேன். அஜீரணமாக இருக்கலாம், வலி நீடித்தால் டாக்டரைப் பாருங்கள் என்றது. முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு மூன்று நாள் ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தேன்.

இன்று காலை குளிர்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவும் அதே இரண்டு கேள்விகளைத்தான் ஸ்டெல்லாவிடம் கேட்டார்.

"நாலு நாளா எரியுதும்மா. காலைல ஒரு சொம்பு தண்ணி, அப்புறம் வூட்டுக்கு வந்துதான். நட்டுக்கினு கீறப்போ குடிச்சா, எங்க போய் ஒதுங்கறது?"

சிறுநீரில் தொற்று, சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம் என்று ஊசி போட்டார்கள்.

பைக்கில் திரும்பும்போது, "போன்ல இன்னாதான் எழுதின?" என்று கேட்டாள். சொன்னேன். ஏரிக்கரை தாண்டியதும் மறுபடி கேட்டாள்.

"அடுப்பாண்டதான இருந்தேன். என்னை கேட்டா இன்னா?"

 அவள் கேட்டதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.