கோடு போட்ட பெயர்

சேலம்
3.11.2025

அக்சிலியா அக்காவுக்கு,

போனில் உன் குரலைக் கேட்டாலே அழுகை முந்திக்கொள்கிறது, அதனால்தான் காகிதம். சரயேவோவில் குளிர் தொடங்கியிருக்குமே, முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா? கன்னியர் மடத்தில் உனக்கு யார் தேய்த்துவிடப் போகிறார்கள்!

நேற்று கல்லறைத் திருநாள். இறந்தவர் பெயரைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டால் பூசையில் வாசிப்பார்களே, அதில் அப்பா, அம்மா பெயரை நான்தான் எழுதினேன். சாமியார் அவற்றை வாசித்துவிட்டு, "ஆண்ட்ரூஸ் மகன் பெனடிக்ட்" என்றார். என் மகன் பெயர், அக்கா! என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் சேர்த்திருக்கிறார். "எம்பையன் சாகலீங்க சாமி, அந்தப் பேரை அடிச்சுடுங்க!" என்று கத்திவிட்டேன். கோயிலே திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்ததும், "அவன் பேசிப் பதினாலு மாசம் ஆச்சு லிடியா. அவனுக்கு ஒரு செபங்கூட இல்லாம இருக்கலாமா?" என்கிறார். நேற்றிலிருந்து அவரோடு பேச்சில்லை.

ஓட்டல் சமையல் வேலை என்று ஏஜென்ட் ரஷ்யாவுக்கு அனுப்பிய பிள்ளை. உக்ரைன் எல்லையில் பட்டாளத்து உடுப்போடு நின்று கடைசியாகப் பேசினான். இப்போது, அங்கே கிடைத்த உடல்களோடு ஒப்பிட்டு அடையாளம் பார்க்க என் ரத்தம் வேண்டுமாம். உயிரோடு இருப்பவனுக்கு ரத்தம் எதற்கு? தர மாட்டேன். நீ அங்கே ஒரு சண்டையைக் கண்ணால் பார்த்தவள். காணாமல் போனவர்கள் திரும்பி வந்தார்களா, சொல்.

தங்கை லிடியா


சரயேவோ
20.11.2025

லிடியா கண்ணு,

உன்னிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. நான் வந்த புதிதில் நடந்த இந்த ஊர்ச் சண்டை மூன்றரை வருஷத்துக்கு மேல் நீண்டது. இப்போதைய சண்டை அதையும் தாண்டிவிட்டது. அப்போது, கூட உட்கார்ந்து காப்பி குடித்த பக்கத்து வீட்டுக்காரனே சுட்டான். இப்போது ஆளே தெரியாமல் ட்ரோன் வந்து விழுகிறதாம். ஐரோப்பாவில் இதுதான் கடைசி என்றார்கள். அப்புறம் பக்கத்திலேயே கொசோவோவில் சண்டை வந்தது, இப்போது இது. எந்தச் சண்டையானாலும் வாசலைப் பார்த்து நிற்பது பெற்றவள்தான்.

சிலர் கைதி மாற்றத்தில் திரும்பினார்கள். மடத்துக்குப் பால் கொண்டுவரும் ஹனீஃபாவின் மகன் திரும்பவில்லை. அவளும் உன்னைப் போலவே ரத்தம் தர மாட்டேன் என்றாள். பத்து வருஷம் கழித்துத்தான் தந்தாள். அதற்கு நாலு வருஷம் முன்பே எலும்பு கிடைத்து, ஒரு பையில் வெறும் எண்ணோடு இருந்திருக்கிறது. "நான்தான் அவனைக் காக்க வைத்துவிட்டேன்" என்று இன்றைக்கும் அழுகிறாள்.

ரத்தம் கொடுத்தால் நம்பிக்கை செத்துவிடாது, கண்ணு. ஆண்ட்ரூஸிடம் பேசு. அவரும் பெற்றவர்தான்.

அக்சிலியா


சேலம்
19.12.2025

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னை மனதுக்குள் திட்டினேன். மூன்றாம் நாள் நானே அவரிடம், "ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்களா?" என்றேன். உடனே செருப்பை மாட்டிக்கொண்டார்.

எனக்கு ரத்தம் எடுத்து முடித்ததும், யாரும் கேட்காமலே அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, "என்னோடதும் எடுங்கம்மா" என்றார். அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.

வரும் வழியில் சாமியாரைப் பார்த்தோம். "அந்தப் பேரை அடிச்சுட்டீங்களா சாமி?" என்று கேட்டேன்.

"பென்சில்ல ஒரு கோடுதாம்மா போட்டு வெச்சிருக்கேன், வேணும்னா அழிச்சுக்கலாம்" என்றார்.

"பதில் வர்ற வரைக்கும் அது அப்படியே இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பெனி வருஷா வருஷம் மாடியில் கட்டும் கிறிஸ்துமஸ் ஸ்டாரை இந்தத் தடவை அவன் அப்பா கட்டினார். கொஞ்சம் சாய்ந்துதான் தொங்குகிறது. நான் என் பிள்ளையைக் காக்க வைக்கவில்லை என்று ஹனீஃபாவிடம் சொல்.

லிடியா